நடுச்சுவரை எடுத்தால் 24 டன் எங்கே போகும்?

கேள்வி: சேலத்தில் எங்கள் வீடு. கீழ்த்தளம் 1988ல் அப்பா கட்டியது. மாடியை 2003ல் எழுப்பினோம். பில்லர் எதுவும் கிடையாது, முழுக்கச் செங்கல் சுவர்தான். ஹால் 14க்கு 16 அடி, அதை ஒட்டிச் சாப்பாட்டு அறை 10க்கு 16 அடி. இரண்டுக்கும் நடுவில் 16 அடி நீளத்துக்கு ஒரு சுவர், அதில் இரண்டரை அடி வாசல். மாடியிலும் அதே இடத்தில் சுவர் இருக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்த பிறகு சக்கர நாற்காலிதான். அந்த வாசலில் நாற்காலி நுழைவதே பெரும் பாடாக இருக்கிறது. அதனால் சுவரில் 12 அடியை எடுத்துவிட்டு இரண்டு அறையையும் ஒன்றாக்க நினைக்கிறோம். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வேலை செய்யும் மேஸ்திரி அண்ணன், "ரெண்டு நாள் வேலைம்மா, ஆறு இஞ்ச் சேனல் ரெண்டு போட்டுத் தூக்கிடலாம், பத்து வீட்டுல செஞ்சிருக்கேன்" என்கிறார். தம்பியோ, இன்ஜினியரைக் கேட்காமல் தொடாதே என்கிறான். செய்யலாமா? தை பிறப்பதற்குள் முடியுமா?

பதில்: வணக்கம். செய்யலாம். உங்கள் மேஸ்திரி சொன்ன வழியும் அடிப்படையில் தப்பில்லை. அவர் சொன்ன அளவும், இரண்டு நாள் என்ற கணக்கும்தான் தப்பு. பத்து வீட்டில் செய்தேன் என்று அவர் சொல்வதை நான் நம்புகிறேன். அந்தப் பத்தும் நின்றிருக்கும். உங்கள் வீட்டில் மட்டும் அது ஏன் நிற்காது என்று சொன்னால்தான் அவரும் ஒப்புக்கொள்வார், நீங்களும் பயமில்லாமல் முடிவெடுக்கலாம்.

முதலில் அந்தச் சுவர் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்போம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம், அதன் மேல் டைல்ஸ், கீழே பூச்சு, மேலே கட்டில், பீரோ, மனிதர்கள் எல்லாம் சேர்த்தால் மாடித் தளம் சதுர அடிக்குச் சுமார் 60 கிலோ. மொட்டை மாடியில் ஆள் கூட்டம் குறைவு. ஆனால் தட்டோடும் அதற்கு அடியில் போட்ட செங்கல்ஜல்லியும் கனம். அங்கே 65 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் பாதி 7 அடி, சாப்பாட்டு அறையில் பாதி 5 அடி, ஆக 12 அடி அகலத்துத் தளம் இந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தளத்துக்கும் சேர்த்து, சுவரின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 1,500 கிலோ. மாடியில் நிற்கும் ஒன்பது அங்குலச் சுவர் பூச்சோடு அடிக்கு 450 கிலோ. மொத்தத்தில் அடிக்கு 2 டன். நீங்கள் எடுக்க நினைக்கும் 12 அடிக்கு 24 டன். சரக்கேற்றிய பத்துச் சக்கர லாரி ஒன்று உங்கள் ஹாலுக்கு மேலே நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு தெரிந்தவர் யாராவது, "தளம் நாலு பக்கச் சுவரிலும்தானே உட்கார்ந்திருக்கிறது, மொத்தத்தையும் ஏன் நடுச்சுவர் தலையில் கட்டுகிறீர்கள்?" என்று கேட்கலாம். நியாயம்தான், கொஞ்சம் குறையும். ஆனால் 1988ல் அந்தத் தளத்துக்குக் கம்பி எந்தப் பக்கம் ஓடவிட்டார்கள் என்று பார்க்காதவரை, குறைத்து எடுக்க எனக்கு மனம் வராது. பழைய வீடுகளில் கம்பி கட்டியது பெரும்பாலும் மேஸ்திரியின் கைக்கணக்கு. பெரிய கம்பியைக் குறுகிய பக்கம் விட்டு, மறு பக்கத்துக்குப் பெயருக்கு மெல்லிய கம்பியைக் கட்டியிருப்பார்கள். அப்படியானால் பாரம் முழுக்க நடுச்சுவருக்கும் அதற்கு எதிரே உள்ள வெளிச்சுவர்களுக்கும்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நடுச்சுவருக்கு நேர் மேலே தளத்தின் கம்பிகள் அடியிலிருந்து வளைந்து மேலே ஏறியிருக்கும். கிராங்க் கம்பி என்பார்கள். அந்த இடத்தில் தளம் மேல்பக்கம் பிளக்கப் பார்க்கும் என்பதால் அப்படிக் கட்டுவது. அடியில் பாதிக் கம்பிதான் மிஞ்சியிருக்கும். கீழே சுவர் இல்லை, பீமும் போதவில்லை என்றால் தளம் 14ம் 10ம் சேர்ந்து 24 அடிக்கு ஒரே வீச்சாகத் தொங்கப் பார்க்கும். அப்போது பிளவு அடிப்பக்கம் வரும். கம்பி குறைவாக இருப்பதோ அதே அடிப்பக்கத்தில். அதனால்தான் இந்த வகைச் சுவரை "கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம்" என்று சோதனை செய்ய முடியாது.

சரி, ஆறு அங்குலச் சேனலுக்கு வருவோம். சேனல் என்பது 'ப' வடிவ இரும்பு உத்தரம். கடையில் ஐ.எஸ்.எம்.சி. 150 என்று கேட்டால் தருவார்கள். 12 அடித் திறப்புக்கு மேல் அடிக்கு 2 டன் பாரத்தை வைத்து, இரண்டு சேனலும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டேன். நம் ஊரில் கிடைக்கும் சாதாரண இரும்பு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் விசை வரைதான் ஸ்பிரிங் மாதிரி மீண்டு வரும். அதற்கு மேல் போனால் வளைந்தது வளைந்ததுதான். நாங்கள் வேலைக்கு எடுக்கும் வரம்பு 165. உங்கள் வீட்டில் அந்தச் சேனல்களில் வருவது 580ஐத் தாண்டுகிறது. முட்டு எடுத்த அன்றைக்கே வளையும்.

அப்படியானால் அந்தப் பத்து வீடு? பெரும்பாலும் அவை தளம் ஒன்றே உள்ள வீடாக இருந்திருக்கும், திறப்பும் ஆறு, ஏழு அடிக்குள் இருந்திருக்கும். மாடி இல்லாவிட்டால் அடிக்கு 780 கிலோதான். ஏழு அடித் திறப்பில் அதே சேனல்களில் 83 நியூட்டன்தான் வரும், வரம்பில் பாதி. அங்கே அவர் செய்தது முழுக்கச் சரி. இங்கே பாரம் இரண்டரை மடங்கு ஆகிறது. நீளம் கூடும்போது வளைக்கும் விசை நீளத்தோடு கூடுவதில்லை, நீளத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏழு மடங்கு. மேஸ்திரியிடம் பேசும்போது, "அண்ணா, அங்கே மாடி இல்லை, இங்கே மாடி இருக்கிறது" என்று ஆரம்பியுங்கள். இன்ஜினியர் தப்பு என்கிறார் என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும்.

பன்னிரண்டு அடிதான் வேண்டும் என்றால் 12 அங்குலச் சேனல், அதாவது ஐ.எஸ்.எம்.சி. 300, இரண்டு வேண்டும். அதில் இரும்புக்கு 143 நியூட்டன்தான் வருகிறது. நடுவில் சுமார் 7.5 மி.மீ. தொய்யும், உங்கள் ஆசாரி பாஷையில் இரண்டரை நூல். ஆனால் எனக்குக் கவலை பீம் இல்லை. இரும்புக் கடையில் பெரிய சேனல் கிடைக்கும், பணம் கொடுத்தால் தீர்ந்தது. பீமின் இரண்டு முனையும் எங்கே உட்காரப் போகிறது என்பதுதான் என் கவலை.

சின்னக் கணக்குதான். இப்போது 16 அடிச் சுவர் முழுவதும் சேர்ந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது. 12 அடியை எடுத்தால் இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு அடி மிஞ்சும். 16 அடி தாங்கியதை 4 அடி தாங்க வேண்டும், நாலு மடங்கு. 1988ன் செங்கலும் ஆறுக்கு ஒன்று கலவையும் அதைத் தாங்காது. சேனல் முனைக்கு அடியில் உள்ள செங்கல் முதலில் நொறுங்கும், பிறகு சாய்வாக வெடிப்பு ஓடும். எனவே இரண்டு முனையிலும் கான்கிரீட் பில்லர் எழுப்ப வேண்டும். ஒவ்வொரு பில்லரிலும் 12 டன் இறங்கும். அந்தப் பில்லர் தரையில் முளைக்காது, அதற்குக் கீழே மூன்றடி, மூன்றரை அடிச் சதுரத்துக்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். பழைய கருங்கல் அஸ்திவாரத்தை ஒட்டிக் குழி வெட்ட வேண்டும், அதன் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது, இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டக் கூடாது. நாலைந்து அடியிலேயே கெட்டி மண்ணோ பாறையோ தட்டினால் உங்கள் அதிர்ஷ்டம்.

பல வீடுகளில் விட்டுப்போவது இதுதான். சில வருஷத்துக்கு முன்னால் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். வீட்டில் பிரச்சினை ஒன்றுமில்லை, மாடி பாத்ரூம் கதவு மட்டும் அடிக்கடி சிக்குகிறது, மழைக்கு ஊதியிருக்கும் என்று ஆசாரியை வைத்து மூன்று தடவை இழைத்துவிட்டோம் என்றார். நான் கதவைப் பார்த்தேன். மேல் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி, மறு பக்கம் தாள்கூட நுழையவில்லை. ஊதிய கதவு இப்படி இருக்காது. நிலைச் சட்டமே சாய்ந்திருந்தது. கீழே இறங்கிப் பார்த்தால், ஒரு வருஷத்துக்கு முன் ஹாலில் சுவரை எடுத்துப் போட்ட ஐ பீம், முனையில் வெறும் நாலு அங்குலம் செங்கலில் உட்கார்ந்திருந்தது. பீம் நல்ல பீம்தான், தேவைக்கு மேலேயே பெரியது. அடியில் செங்கல் பொடியாகிக்கொண்டிருந்தது. பொய்க்கூரையைக் கட்டி அதை மறைத்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. அன்று ராத்திரியே முட்டுக் கொடுத்தோம். அந்த வீட்டுக்காரர் கதவை இழைத்த கூலியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனவே நான் உங்களைத் திருப்பிக் கேட்கிறேன். 12 அடி எதற்கு? கடிதத்தில் காரணமாக எழுதியிருப்பது அம்மாவின் சக்கர நாற்காலி. நாற்காலி நேராக நுழைய 3 அடி இடைவெளி தாராளம். நின்ற இடத்தில் முழுவட்டம் திரும்ப 5 அடி வேண்டும். 8 அடித் திறப்பு விட்டாலே இரண்டு அறையும் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டு பக்கமும் நாலு நாலு அடிச் சுவர் மிஞ்சும், ஒரு பக்கம் டிவி, மறு பக்கம் சாமி அலமாரி வைத்துக்கொள்ளலாம். இனி கணக்கைப் பாருங்கள். 16 அடி தாங்கியதை 8 அடி தாங்குகிறது, இரண்டு மடங்குதான். பீமில் வளைக்கும் விசை 12 அடிக்கு வருவதில் பாதிகூட இல்லை. 10 அங்குலச் சேனல், அதாவது ஐ.எஸ்.எம்.சி. 250, இரண்டு போட்டால் இரும்புக்குச் சுமார் 92 நியூட்டன்தான். தொய்வு ஒரு நூலுக்கும் குறைவு. மேலே உள்ள சுவருக்கு இது முக்கியம். இரும்பு இரண்டரை நூல் தொய்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, அதன் மேல் நிற்கும் செங்கலும் பூச்சும்தான் வெடிக்கும்.

முனைகளுக்குப் பில்லரும் தனி அஸ்திவாரமும் இல்லாமலே முடிய வாய்ப்பிருக்கிறது. சேனல் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி சுவருக்குள் போய், இரண்டடி நீளக் கான்கிரீட் மெத்தைக் கட்டையின் மேல் உட்கார வேண்டும். முனைக்கு 8 டன் இறங்கும். வாய்ப்பிருக்கிறது என்றுதான் சொல்கிறேன். செங்கல் தரமும் அஸ்திவார அகலமும் பார்த்த பிறகே உறுதி சொல்ல முடியும். ஓரத்தில் சுவரை ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பாருங்கள். ஒரு செங்கலை எடுத்து இன்னொன்றோடு தட்டினால் கணீர் என்று கேட்கிறதா, மொத்தென்று கேட்கிறதா? கலவையை ஆணியால் கீறினால் மண்ணாக உதிர்கிறதா? உதிர்ந்தால் 8 அடிக்கும் பில்லர்தான்.

சுவரின் ஓரத்தை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடுச்சுவர் மேலே உள்ளதை மட்டும் தாங்குவதில்லை. நீளமான வெளிச்சுவர் இரண்டையும் குறுக்கே பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். பில்லர் வீட்டில் அந்த வேலையைப் பில்லரும் பீமும் பார்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் சுவரைச் சுவர்தான் பிடிக்கிறது. முழுச் சுவரையும் வழித்து எடுத்தால் வெளிச்சுவர் 24 அடி நீளத்துக்குத் துணையில்லாமல் நிற்கும்.

இப்போது வேலை நடக்கும் விதம். இதில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து எல்லாம் இந்தச் சில நாட்களில்தான். பழைய சுவர் நிற்கும்போதும் வீட்டுக்கு ஒன்றும் இல்லை, புதுப் பீம் ஏறிய பிறகும் ஒன்றும் இல்லை. ஒன்று போய் இன்னொன்று வரும் இடைவேளையில் அடிக்கு அந்த 2 டன் எதில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

வழக்கமாகச் செய்வது, சுவருக்கு இரண்டு பக்கமும் மூன்றடி தள்ளி வரிசையாக ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரை இடிப்பது. மாடி இல்லாத வீட்டில் இது போதும். உங்களுக்குப் போதாது. கீழ் முட்டு தளத்தைத்தான் பிடிக்கும். மாடிச் சுவரும் மொட்டை மாடித் தளத்தின் பாரமும் இரண்டு முட்டு வரிசைக்கும் நடுவில், ஆறடி இடைவெளியில், ஐந்து அங்குலத் தளத்தின் நட்ட நடுவே கோடு போட்ட மாதிரி அமுக்கும். அடிக்கு ஒன்றேகால் டன். தளத்தை அதற்கென்று யாரும் கட்டவில்லை. மாடியிலும் சுவரின் இரண்டு பக்கம் முட்டுக் கொடுத்து மொட்டை மாடித் தளத்தைப் பிடிக்க வேண்டும், கீழ் முட்டு மேல் முட்டுக்கு நேர் கீழே வர வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் சுவரை ஒரேயடியாக எடுக்கக் கூடாது.

சேனல் போடுவதில் ஒரு வசதி இங்கேதான். ஒன்பது அங்குலச் சுவரில் பாதிக் கனம் நாலரை அங்குலம். பத்து அங்குலச் சேனலின் இறக்கை மூன்றே கால் அங்குலத்துக்குள் அடங்கும். எனவே ஹால் பக்கத்திலிருந்து, தளத்துக்குச் சற்றுக் கீழே, சுவரின் பாதிக் கனத்துக்கு மட்டும் நீளமாக ஒரு காடி வெட்டுவோம். மறு பாதி அப்படியே நிற்கும், பாரத்தை அது பிடித்துக்கொள்ளும். கட்டர் மெஷினால் கோடு போட்டு, கல் கல்லாக எடுக்க வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடிக்கக் கூடாது. ஒன்பது அங்குலக் கட்டில் வரிசை விட்டு வரிசை செங்கல் குறுக்கே படுத்திருக்கும், அதன் தலை ஹாலிலும் கால் சாப்பாட்டு அறையிலும் இருக்கும். இந்தப் பக்கம் ஓங்கி அடித்தால் அந்தப் பக்கக் கட்டும் சேர்ந்து ஆடிப்போகும். காடியில் முதல் சேனலை ஏற்ற வேண்டும். பதினோரு அடிச் சேனல் ஒன்று 100 கிலோ சொச்சம் வரும், ஆறு ஆள் வேண்டும்.

ஏற்றிவிட்டால் முடிந்ததா என்றால் இல்லை. சேனலுக்கும் மேலே உள்ள கட்டுக்கும் நடுவில் ஓர் அங்குலம் சந்து இருக்கும். அதில் செங்கல் துண்டையும் சாந்தையும் திணித்துப் பூசி மூடிவிடுவார்கள். சாந்து காயும்போது சுருங்கும். சுருங்கிய அளவுக்கு மாடிச் சுவர் இறங்கும். முட்டு எடுத்த மறுவாரம் மாடியில் வெடிப்பு வந்தது என்று வரும் புகார்களில் பாதி இந்தச் சந்தால்தான். இரும்பு ஆப்பை எதிரெதிராக அடித்துச் சேனலை மேல் கட்டோடு இறுக்கிவிட்டு, சுருங்காத கிரவுட் கலவையை அடைத்து நிரப்ப வேண்டும். மூட்டை விலை அதிகம் என்று மேஸ்திரி முனகுவார், விடாதீர்கள். குறைந்தது மூன்று நாள் கழித்துத்தான் சாப்பாட்டு அறைப் பக்கம் காடி வெட்ட வேண்டும். இரண்டாவது சேனல் ஏறியதும் இரண்டையும் இரண்டடிக்கு ஒரு 16 மி.மீ. போல்ட் போட்டு, நடுவில் பைப் துண்டு கொடுத்து முடுக்கி, நடுச் சந்தைக் கான்கிரீட்டால் அடைத்துவிட வேண்டும். ஒரு வாரம் விடுங்கள். அதற்குப் பிறகுதான் கீழே உள்ள சுவரைத் தொட வேண்டும், அதுவும் மேலிருந்து கீழாக.

முட்டுகளை ஒரே நாளில் தட்டி எடுக்கக் கூடாது. திறப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொரு ஜாக்கியையும் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே மாடிச் சுவரில் இருக்கும் பழைய வெடிப்புகளின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி முறியும். இதில் செலவு என்று எதுவும் இல்லை, ஆனால் கண்ணாடியைத் தினமும் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பைத் தம்பியிடம் கொடுங்கள்.

வேலை நடக்கும் நாட்களில் மாடியில் யாரும் இருக்கக் கூடாது. மொட்டை மாடித் தொட்டியைக் காலி செய்யுங்கள், 1,000 லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன். பீரோ, அரிசி மூட்டை எல்லாம் வெளிச்சுவர் ஓரமாக நகரட்டும். அம்மாவைத் தம்பி வீட்டுக்கோ வேறு உறவினர் வீட்டுக்கோ அழைத்துப் போய்விடுங்கள். ஹாலில் ஒரு மூலையில் கட்டிலைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று நாலு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தாங்கும் தூண்களில் கை வைத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. செத்தவர்களில் பெரும்பாலோர் மேலே அவரவர் வீட்டில் இருந்தவர்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. "வேலை கீழேதானே, நாங்கள் மாடியில் இருந்துகொள்கிறோம்" என்று நீங்கள் சொல்லக் கூடும் என்றுதான்.

முடிந்த பிறகு இரும்பு வெளியே தெரியாமல் மூடுங்கள். ரெட் ஆக்சைடு இரண்டு கை, அதன் மேல் கோழிவலை சுற்றி ஓர் அங்குலப் பூச்சு. அழகுக்காக மட்டும் இல்லை. சமையலறை பக்கத்தில் இருக்கிறது, தீ பட்டால் இரும்பு மரத்தைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். பொய்க்கூரை போட்டு மறைப்பதாக இருந்தால், பீம் முனை இரண்டையும் பார்க்கிற மாதிரி ஒரு சின்னத் திறப்பு விடுங்கள். அந்தப் பாத்ரூம் கதவு ஞாபகம் இருக்கட்டும்.

சேனலுக்குப் பதில் கான்கிரீட் பீமே போடலாமே என்று யாராவது சொல்வார்கள். புது வீட்டில் அதுதான் நல்லது. நிற்கிற சுவருக்கு அடியில் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட்டை மேல் கட்டு வரை சந்தில்லாமல் நிரப்புவது லேசில்லை. போட்டாலும் மூன்று, நாலு வாரம் முட்டிலேயே நிற்க வேண்டும். நான் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

தை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 8 அடி, பில்லர் வேண்டாம் என்று முடிவானால், மெத்தைக் கட்டை காய்வதற்கும் சேர்த்து மூன்று வாரம். பில்லர் போட்டு 12 அடி என்றால் ஒன்றரை மாதம், ஏனென்றால் பில்லர் இரண்டு வாரமாவது தண்ணீர் குடித்து இறுகிய பிறகுதான் சுவரில் கை வைக்க முடியும். செலவில் இரும்பு சின்னப் பகுதிதான். முட்டு வாடகை, கிரவுட், ஆள் கூலி, பிறகு தரையும் பூச்சும் ஒட்டுப்போடும் வேலை, இவைதான் இழுக்கும். மேஸ்திரி அண்ணனையே வைத்துக்கொள்ளுங்கள், 1988 முதல் அந்த வீட்டின் சுவர் அவருக்குத் தெரியும். சேலத்திலேயே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நேரில் வரச் சொல்லி, கையெழுத்திட்ட வரைபடம் வாங்கி மேஸ்திரி கையில் கொடுங்கள். காடி வெட்டும் இரண்டு நாளும், முட்டுத் தளர்த்தும் நாளும் இன்ஜினியர் அங்கே நிற்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வரைபடம் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர் வேண்டாம்.

இதற்கெல்லாம் நாளாகும், அம்மாவுக்கோ இன்றைக்கே வாசல் வேண்டும். இப்போதுள்ள இரண்டரை அடி வாசலின் மேலே சுவரைத் தாங்கும் கட்டை, அதாவது லிண்டல், எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பூச்சைக் கொத்தினால் தெரியும். லிண்டல் இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் சுவருக்குள் போயிருந்தால், நிலையைக் கழற்றி ஒரு பக்கம் இரண்டு, மூன்று அங்குலம் விரிக்க இடமிருக்கும். நிலைச் சட்டத்தின் கனமும் மிச்சம். நாற்காலியின் அகலத்தைக் கைப்பிடியில் அளக்காதீர்கள், சக்கரத்தின் வெளி வளையத்திலிருந்து வளையம் வரை அளந்து, அதோடு இரண்டு கை முட்டிக்கும் நாலு அங்குலம் சேர்த்துப் பாருங்கள். அந்த அளவையும் லிண்டல் நீளத்தையும் எழுதி அனுப்பினால், நிலையைக் கழற்றலாமா என்று சொல்கிறேன்.